லோ டென்ஷன் மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் ஒரு நாளில் அதிகமாகப் புழங்கிய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், டென்ஷன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது. விருத்தாசலத்துக்கும் திட்டக்குடிக்கும் நடுவே பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்தவர், வீட்டில் உட்கார்ந்த மறுமாதமே தலை சுற்றுகிறது என்றார். ஆஸ்பத்திரியில் பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்த டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். "டென்ஷன் மட்டும் ஆவாதீங்க, மத்தது நான் பாத்துக்கறேன்" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து டென்ஷன் ஆகாமல் இருப்பது அப்பாவுக்கு முழுநேர உத்தியோகம் ஆகிவிட்டது.

குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க நாங்கள் வேகாத பருப்பைத்தான் சாப்பிட்டோம். கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவரை அப்பா பார்க்க மாட்டார். வாசலில் போய் நின்றுகொண்டு, "முடிஞ்சுதா? எத்தினி பாலு இருக்குது? அவுட்டா? யாரு அவுட்டு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் குரலில் இருந்த டென்ஷன் மைதானத்தில்கூட இருந்திருக்காது.

அந்தச் சொல்லை அவர் வளைக்காத விதம் இல்லை. டென்ஷன் ஏறும், இறங்கும், வரும், ஆகும். மற்றவர்கள் அவரை டென்ஷன் பண்ணுவார்கள். மாத்திரைக்குப் பெயர் டென்ஷன் மாத்திரை. எதிர்வீட்டுக்காரர் ஒரு டென்ஷன் பார்ட்டி. அம்மா குழம்பில் உப்பு போட மறந்தால் அதற்கும், "ஒன்ன யாரு டென்ஷன்ல சமைக்கச் சொன்னது?" இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான்கூட நினைத்துப் பார்த்திருக்கிறேன். பதற்றம் என்றால் ஏதோ ஊரில் கலவரம், போலீஸ் குவிப்பு என்று செய்தி வாசிப்பது போல இருக்கிறது. கவலை என்றால் கன்னத்தில் கைவைத்து உட்கார வேண்டும். அப்பாவுடையது இரண்டும் இல்லை. அவருடையது டென்ஷன்தான்.

எனக்கும் அந்தச் சொல்லோடு தினமும் வேலை உண்டு, ஆனால் வேறு விதமாக. நான் டெய்லர். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். மெஷினின் முகத்தில், மேல்நூல் நுழைந்து போகிற இடத்தில், இரண்டு சின்ன வட்டத் தகடும் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு திருகும் இருக்கும். அதற்குப் பெயர் டென்ஷன். முடுக்கினால் நூல் இறுகும், அதிகம் முடுக்கினால் அறுந்துபோகும். தளர்த்தினால் துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதை விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். "டென்ஷன் சரியில்லம்மா" என்று நான் உள்ளே பார்த்துச் சொன்னால், "ஒனக்கு என்னடி டென்ஷன் இந்த வயசுல?" என்று அப்பா வாசலிலிருந்து கேட்பார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு டென்ஷன் வந்தால் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டத்துக்கு இரண்டு நிமிஷம் நிற்கச் சொன்னபோது சிரித்து, வெளியே நிறுத்தப்பட்டவள் நான். அடக்க அடக்க அது தோளுக்குப் போகும், வயிற்றுக்குப் போகும், கடைசியில் எங்காவது பீறிட்டுவிடும்.

இருபத்தாறு முடிந்து எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். மாப்பிள்ளைக்கு டென்ஷன் இல்லாத வேலையாக இருக்க வேண்டும். போலீஸ்காரர் வேண்டாம். லாரி வைத்திருக்கிறவர் வேண்டாம். கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார், "இந்தக் காலத்துப் புள்ளைங்கள வச்சிகிட்டா? அய்யய்யோ" என்று அவரையும் தள்ளிவிட்டார். தரகருக்கே வெறுத்துப்போய்விட்டது. வேப்பூர் பக்கத்துக்காரர். ஒரு நாள் அங்கிருந்து போன் பண்ணினார். பின்னால் ஹைவே லாரிச் சத்தம்.

"அண்ணே, நீங்க கேட்ட மாதிரியே ஒண்ணு அமைஞ்சிருக்குது. நல்லூர் பக்கம் ஊரு. கொஞ்சம் நெலம் இருக்குது, அம்மா மட்டுந்தான். பையன் விருத்தாசலத்துலயே செராமிக் கம்பெனில சூப்பர்வைசரு. என்ன வேலைன்னு கேட்டேன். லோ டென்ஷன் வேலைன்னு அவனே சொன்னான்."

அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அவனே சொல்றானாம்டி. லோ டென்ஷனாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். அவரும் அவர் அம்மாவும், கூடவே தரகரும். நான் காபித் தட்டோடு போனேன். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். அந்தக் காலர் அரை இன்ச் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு முதலில் தோன்றியது. நெற்றியில் வியர்வை. ஃபேன் அவர் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்பா சுற்றி வளைக்காமல் கேட்டார். "தம்பி, வேலையில டென்ஷன் எப்படி?"

அவர் வேலையைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப வரைக்கும் லோ டென்ஷன் மட்டுந்தாங்க பண்ணிட்டு இருக்கோம்."

அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "நல்லது, நல்லது. எத்தினி வருஷமா?"

"ஆறு வருஷமாங்க. ஆனா அடுத்த மாசத்துலேர்ந்து ஹை டென்ஷன் ஆரம்பிக்கிறாங்க. என்னத்தான் அதுக்குப் பொறுப்பா போட்டிருக்காங்க."

அப்பாவின் காபி பாதி வழியில் நின்றது. "எதுக்குத் தம்பி, தேவையில்லாம?"

"அதுக்குத்தாங்க இப்ப நல்ல மார்க்கெட்டு."

அவர் அம்மா பெருமையாகச் சொன்னார். "மூணு வருஷமா இவன் கேட்டுகிட்டே இருந்தான். ஹை டென்ஷன் குடுங்க, ஹை டென்ஷன் குடுங்கன்னு. இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்துச்சு."

"கேட்டு வாங்குனீங்களா?" அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமாங்க. பதினோராயிரம் வரைக்கும் தாங்கணும். தாங்கலன்னா வெடிச்சிரும்."

அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது.

எனக்கு அந்தப் பதினோராயிரத்தில்தான் விளங்கியது. பீங்கான் கம்பெனிகள் உள்ள இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்கி நிற்கும் பீங்கான் கிண்ணங்களை அவர் செய்கிறார். தெருக் கம்பத்துக்குப் போவது லோ டென்ஷன், பதினோராயிரம் வோல்ட் ஓடும் பெரிய லைனுக்குப் போவது ஹை டென்ஷன். தெரிந்தது தெரிந்ததுதான், ஆனால் அதை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. தட்டில் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின. ஒரு நொடி தாங்கினேன். அப்புறம் பீறிட்டேன். தட்டைத் தரகர் மடியில் வைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினேன்.

 கூடத்தில் அவர் அம்மா கேட்டது காதில் விழுந்தது. "பொண்ணு எதுக்குங்க சிரிக்குது?"

"டென்ஷன்ங்க" என்றாள் என் அம்மா. "அவளுக்கு டென்ஷன் வந்தா சிரிப்புத்தான் வரும்."

"நான் வேணா ரெண்டு வார்த்த பேசட்டுங்களா?" என்று அவர் கேட்டார். கதவைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் கதவோரம் நின்றார். "நான் எதாச்சும் தப்பா சொல்லிட்டேங்களா?"

மூச்சு வாங்கி வாங்கி விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அப்பா டென்ஷன் என்றால் எதை நினைத்துக்கொண்டிருக்கிறார், இதுவரை எத்தனை பேரை அதற்காகத் திருப்பி அனுப்பினார், எல்லாம். அவர் முகம் காதுவரை சிவந்தது. "அப்ப நான் கேட்டு வாங்குனேன்னு சொன்னனே..." என்றார். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, மெஷினுக்கு அருகே வந்தார். "இது என்னங்க திருகு?"

"டென்ஷன்" என்றேன்.

"கேலி பண்ணாதீங்க."

"நெசமாத்தாங்க. அதுக்குப் பேரே அதுதான்."

நம்பாமல் விரலை வைத்துத் திருகினார். மெதுவாகத்தான் திருகினார். ஆனால் நிறுத்தவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே திருகிக்கொண்டிருந்தார். திருகு கழன்று கையோடு வந்தது, ஸ்பிரிங் டிங்கென்று பறந்து எங்கோ விழுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் குனிந்தோம். தலையோடு தலை முட்டியது. மெஷினுக்கு அடியில் வெட்டுத் துணி ஒரு வாரக் குப்பை கிடந்தது. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் முட்டி போட்டு அதைக் கிளறிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கால்கள் தெரிந்தன.

"என்ன நடக்குது இங்க?"

அவர் மெஷினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். முடியில் ஒரு துண்டு லைனிங் துணி தொங்கியது. "ஒண்ணும் இல்லைங்க. டென்ஷன் கழண்டு வுழுந்துடுச்சு."

அன்று மத்தியானம் நானே அப்பாவை உட்கார வைத்து வோல்ட்டேஜ், கம்பம், பீங்கான் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரி. ஆளப் பாத்தியா நீ? ஃபேனுக்குக் கீழ ஒக்காந்து அவ்ளோ வேர்வ. அவன் பண்றது என்ன டென்ஷனா வேணா இருக்கட்டும். ஆளு ஹை டென்ஷன்" என்றார்.

அதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் டென்ஷனான ஆள்தான். அதனால்தான் எனக்குப் பிடித்தது என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? தன் வியர்வையை மறைக்கத் தெரியாத ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஸ்பிரிங் கிடைக்கவே இல்லை. மறுநாள் காலையில் வாசலில் பைக் சத்தம். அப்பாதான் கதவைத் திறந்தார். நான் உள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் கையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"புது டென்ஷன் வாங்கிட்டு வந்திருக்கேங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. "மெஷினுக்குங்க. ஸ்பிரிங்கு. கடத்தெரு போயி..." சொல்ல வந்ததை மறந்துவிட்டு நின்றார். அப்புறம் திடீரென்று, "நீங்க ஒரு தரம் கம்பெனிக்கு வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும். புதன்கிழமை வாங்க. போயிட்டு வரேங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பைக்கைத் திருப்பினார். ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார். அப்பா, "தம்பி, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்திக்கொண்டே தெருமுனை வரை ஓடினார்.

புதன்கிழமை அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னால் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா, ஆடு, ஆடு" என்று வழி முழுக்க டென்ஷனானார். கம்பெனி உள்ளே ஒரே வெள்ளைத் தூசி. களிமண் ஈரம் காய்கிற பலகைகள் ஒரு பக்கம், சுட்டு எடுத்த பழுப்புக் கிண்ணங்கள் ஒரு பக்கம். வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அன்றைக்கென்று பேக்கிங் செய்யும் பெண்களில் பாதிப்பேர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் மூன்று பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார். தலை முழுக்க மாவு பூசினாற்போல வெள்ளை. எங்களைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்கய்யா" என்று திருத்தினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தோள் ஆடத் தொடங்கிவிட்டது.

அவ்வளவு அவசரத்திலும் டெஸ்ட் நடக்கும் இடத்துக்கு எங்களை அழைத்துப் போனார். தண்ணீர்த் தொட்டியில் கிண்ணங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதில் கரண்டை ஏற்றிப் பார்ப்பார்களாம். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றோம். அப்பா முன்னெச்சரிக்கையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு காதைத் திறந்தார்.

"எப்ப ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சாச்சுங்க. ஓடிட்டு இருக்குது."

"ஒண்ணுமே ஆவலியே?"

"ஒண்ணும் ஆவக் கூடாதுங்க. அதான் இதோட வேலையே."

அப்பா இன்னொரு காதையும் திறந்து, வலைக்கு அருகே போய், அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவ்ளோ கரண்டையும் வாங்கிக்கிட்டுச் சும்மா குந்தியிருக்குது பாரேன்" என்றார் மெதுவாக. அதைச் சொல்லி வாய் மூடவில்லை, வரிசையில் ஒன்று படீரென்று வெடித்தது. நீலமாக ஒரு பொறி. அப்பா துள்ளிக் குதித்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரும் பயத்தில் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆறு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஆள்! அப்பா விலகி நின்று பார்த்தபோது, அப்பாவின் சட்டை முன்பக்கம் முழுக்க வெள்ளை மாவு.

வெளியே லாரிக்காரர் பொறுமை இழந்து, தானே வண்டியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்திருந்தார். கேட் குறுகல். வண்டி கோணலாக வந்தது. மாப்பிள்ளை ஓடுவதற்குள் அப்பா ஓடினார். வண்டிக்குப் பின்னால் போய் உள்ளங்கையால் தகரத்தில் தட்டினார்.

"வா, வா, வா... லெப்ட்ல ஒடி... இன்னும், இன்னும்... வரலாம் வா... ஹோல்டேய்!"

அந்தக் கண்டக்டர் குரலை நான் ஒரு வருஷமாகக் கேட்கவில்லை. கம்பெனியே திரும்பிப் பார்த்தது. அதோடு நிற்கவில்லை. இருந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்தார். வைக்கோல் ஒருத்தர், கிண்ணம் ஒருத்தர், கட்டுவது ஒருத்தர். "முன்னால போம்மா, நடுவுல நிக்காத, பின்னால எடம் இருக்குது பாரு" என்று லோடு ஏறும் வரை அதட்டிக்கொண்டே இருந்தார். வியர்வை சொட்டியது. முகம் சிவந்திருந்தது. நான் இரண்டு முறை, "அப்பா, பிரஷரு" என்றேன். "சும்மா இருடி, டென்ஷன் பண்ணாத" என்றார். லாரி கிளம்பியபோது, "போலாம் ரைட்" என்று அவர் கொடுத்த குரலுக்கு லாரிக்காரர் கையை வெளியே நீட்டிக் கும்பிட்டார்.

அப்பா போய் மாப்பிள்ளைக்கு அருகே ஒரு பலகையில் உட்கார்ந்தார். டீ வந்தது. இருவரும் ஒரே மாதிரி உஸ் உஸ்ஸென்று ஊதிக் குடித்தார்கள்.

திரும்பி வரும்போது, பின்னாலிருந்து காற்றுக்கு மேல் கத்தினார். "அவன் டென்ஷன் பார்ட்டிதான். நான் சொன்னேன்ல?"

வண்டிக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன். "அப்ப வேணாங்கிறீங்களா?"

"எவன் சொன்னான்? நான் மட்டும் என்ன, டென்ஷன் இல்லாத ஆளா? ஒங்கம்மா என்னக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தலியா?"

நான் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நட்ட நடு ரோட்டில் நின்றது. பின்னால் நாலைந்து ஹாரன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எது எதற்கு என்று தெரியவில்லை. "ஓரங்கட்டுடி, ஓரங்கட்டு" என்று அப்பா என் முதுகில் தட்டினார்.

சாயங்காலம், அவர் வேலை விடுகிற நேரம் பார்த்து நானே போன் பண்ணினேன். "அப்பா சரின்னுட்டாங்க" என்றேன்.  "சரிங்க" என்றார். "ரொம்ப சரிங்க." வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது. பின்னால் ஒரே சந்தைச் சத்தம்.

"நான் திட்டக்குடில இருக்கேங்க."

"திட்டக்குடில எதுக்கு?"

"தெரியலிங்க. பைக்கு கம்பெனிலயே இருக்குது. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். எல்லாரும் எறங்குனாங்க, எறங்குனேன். பாத்தா திட்டக்குடி."

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. அம்மா போனைப் பிடுங்கி, "தம்பி, எங்க இருக்கீங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டு, அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணியில் எங்கள் கல்யாணம். ஹை டென்ஷன் வேலையும் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. மாமியாருக்கு நான் சிரிப்பது பழகிவிட்டது, இப்போது சிரிப்பை அவரே தொடங்கிவைக்கிறார். ஆனால் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால், திட்டக்குடியிலிருந்து நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு அவர் வந்து நின்றதுதான் முன்னால் வருகிறது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார், என்ன வாங்குவது என்று தெரியவில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாவிடம் இருந்த வெள்ளரிப்பிஞ்சு மொத்தத்தையும் கூடையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா ஒரு தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேசும்போது இன்னொருவர் கடிக்க, வீடே கரகரவென்று, அந்தக் கூடையைக் காலி செய்தோம்.